எந்த நாடு? எந்தத் தெரு?

திருவண்ணாமலையில் வாடகைக்கு வீடு தேடிப் போகிறவரிடம் இரண்டில் ஒரு கேள்வி கேட்பார்கள். வெளிநாட்டவர் என்றால், "எந்த நாடு?" உள்ளூர்க்காரர் என்றால், "எந்தத் தெரு?" முதல் கேள்விக்கு என்ன பதில் சொன்னாலும் வீடு கிடைக்கும். இரண்டாவது கேள்விக்குச் சில பதில்களைச் சொன்னால் கிடைக்காது.

கொரோனா காலத்தில் இந்த இரண்டாவது கேள்வி கொஞ்ச நாள் நின்றுபோயிருந்தது. பிறகு ஊர் மீண்டு எழுந்தபோது, அந்தக் கேள்வியும் கூடவே எழுந்து வந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வெளியூரில் இருந்து படிக்கிற தம்பி தங்கைகளுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது வேங்கிக்காலில். ஊருக்கு வடக்கே, வேலூர் சாலையில், கலெக்டர் அலுவலகம் இருக்கிற இடம். திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களுக்குத் தெரிந்த வேங்கிக்கால் அதுதான். மழைக்காலத்தில் ஏரி நிரம்பினால் சாலையில் தண்ணீர் ஓடும். செய்தியில் பெயர் வருவது அப்போதுதான். மலைக்கு அந்தப் பக்கம், செங்கம் சாலையில், ரமணாஸ்ரமம். ரமணர் 1896இல் இந்த ஊருக்கு வந்தார். பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் அவரைப் பற்றி எழுதிய புத்தகம் 1934இல் வெளியானது. அதன் பிறகு வெளிநாட்டவர் வருகை நிற்கவே இல்லை. ரமணர் 1950இல் இறந்த பின்னும் வந்தார்கள். இன்று ஆசிரமத்தைச் சுற்றியும் கிரிவலப் பாதையை ஒட்டியும் அவர்களுக்கென்றே கட்டிய வீடுகள், அவர்களுக்கென்றே நடக்கும் கஃபேக்கள். நவம்பரில் இருந்து மார்ச் வரை 'சீசன்'. சிலர் சீசனுக்கு வந்து போவார்கள். சிலர் பத்து, இருபது வருடமாக இங்கேயே இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இவர்களை 'எக்ஸ்பாட்' என்கிறார்கள். சொந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் வாழ்கிறவர் என்று அகராதி சொல்லும். அந்தப் பொருளில் பார்த்தால், எங்கள் காலனியில் இருந்து சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போன என் சித்தி மகனும் எக்ஸ்பாட்தான். ஆனால் அவனை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவன் 'மைக்ரன்ட் ஒர்க்கர்'. இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருப்பது கடல் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

கொரோனாவுக்கு முன்பு, 2018இல், நான் முதன்முதலாக ஊருக்குள் வீடு தேடினேன். சமூகவியலில் முதுகலை முடித்து, கையில் வேலை, மாதச் சம்பளம். போர்டைப் பார்த்து போன் செய்தால் வீடு காலியாக இருக்கும். நேரில் போனால் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்கள். பிறகு ஆரம்பிக்கும். "சொந்த ஊர் எது?" "வேங்கிக்காலா? வேங்கிக்கால்ல எந்தப் பக்கம்?" "அப்பா என்னா பண்றாரு?" "கறி மீன்லாம் சமைப்பீங்களா?" யாரும் சாதியைக் கேட்கவில்லை. நான்கு கேள்விகளில் சாதிக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். மறுநாள் போன் வரும். "தங்கச்சி பையன் வரான்மா, அவனுக்கே குடுத்துட்டோம்." அடுத்த மாதமும் அந்தப் போர்டு அங்கேயே தொங்கும்.

அதே தெருவில், அதே மாதத்தில், யாரென்றே தெரியாத வெளிநாட்டவருக்கு ஒரே நாளில் வீடு கிடைக்கும். அவர் என்ன சமைப்பார் என்று கேட்கமாட்டார்கள். வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் அப்போது 24 மணி நேரத்துக்குள் 'ஃபார்ம் சி' நிரப்பி அரசுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பாஸ்போர்ட், விசா எண் எல்லாம் அதில் வரும். அந்தச் சிரமத்தை எல்லாம் வீட்டுக்காரர்கள் சந்தோஷமாகப் படுவார்கள். எங்களுக்கு ஃபார்ம் எதுவும் தேவையில்லை. அந்த நான்கு கேள்விகளே போதும்.

பிறகு 2020 மார்ச் வந்தது. பதினொன்றாம் தேதி மத்திய அரசு விசாக்களை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இருபத்து நான்காம் தேதி இரவு ஊரடங்கு. கிரிவலம் நின்றது. தூதரகங்கள் ஏற்பாடு செய்த விமானங்களில் பல வெளிநாட்டவர் கிளம்பினார்கள். போக முடியாதவர்களும் போக விரும்பாதவர்களும் இங்கேயே தங்கினார்கள். அவர்களுடைய விசாவை அரசே கட்டணம் இல்லாமல் நீட்டித்துக்கொண்டு வந்தது.

அந்த முதல் சில வாரங்களில் ஊரில் ஒன்று நடந்தது. வெள்ளைத் தோலைக் கண்டாலே ஜனங்கள் ஒதுங்கினார்கள். கடையில் அவர்கள் நின்றால் மற்றவர்கள் தள்ளிப் போனார்கள். காசைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொன்னார்கள். நேற்றுவரை 'சாமி' என்று கூப்பிட்டவர்கள் "வீட்டைக் காலி பண்ணு" என்றார்கள். ஏப்ரலில் மலைக் குகையில் தங்கியிருந்த ஒரு சீனரைக் கண்டுபிடித்துப் பரிசோதனைக்கு அழைத்துப் போனது பெரிய செய்தியாக வந்தது. அவருக்குத் தொற்று இல்லை.

காசைப் பலகையில் வைக்கச் சொல்வது எங்கள் பாட்டிக்குத் தெரிந்த விஷயம். தூர நின்று வாங்குவதும் தெரிந்ததுதான். வெளிநாட்டவருக்கு அது சில வாரம் நடந்தது. அதற்கு ஒரு கிருமி காரணமாக இருந்தது. கிருமி போனதும் அதுவும் போய்விட்டது. எங்களுக்கு நடந்ததற்குக் கிருமி தேவைப்படவில்லை. அவர்கள் பட்ட அவமானத்தைச் சிறிதாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த ஊருக்கு ஒருவரை ஒதுக்கிவைக்கவும் தெரியும், ஒதுக்கியதை ஒரே மாதத்தில் மறக்கவும் தெரியும். யாரை ஒதுக்கியதை மறப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

2020 ஐப்பசியில் சீசன் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. அந்த ஆண்டு கார்த்திகை தீபமும் வெளியூர்க் கூட்டம் இல்லாமல் நடந்தது. 2019இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1 கோடியே 9 லட்சம் பேர். 2021இல் வந்தவர்கள் சுமார் 15 லட்சம். அந்தச் சரிவு எங்கள் ஊரில் எப்படித் தெரிந்தது என்றால், கேட்டுக்குக் கேட்டு 'டு-லெட்' போர்டாகத் தெரிந்தது. கடன் வாங்கி மாடி கட்டியவர்கள் தவணை கட்ட முடியாமல் நின்றார்கள்.

அப்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. காலனி வீட்டில் ஏழு பேர், ஒரு கழிப்பறை. அம்மாவைத் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று மறுபடி வீடு தேடினேன். செங்கம் சாலைப் பக்கம் ஒரு கீழ்வீடு. மேலே ஒரு வெளிநாட்டுப் பெண், ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்டவர். வீட்டுக்காரர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வாடகை மாசாமாசம் கரெக்டா வந்துடுமாம்மா?" அவ்வளவுதான். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். "அதெல்லாம் யாரும்மா இப்ப பாக்கறாங்க" என்றார்.

அந்த வீட்டில் இரண்டு வருடம் இருந்தோம். அம்மாவுக்கு முற்றத்தில் கட்டில் போட்டு உட்கார வேப்பமரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைத்தோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. மேல்வீட்டுப் பெண்ணே அம்மாவிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

அந்தத் தெருவில் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா ஒருவரை அங்கேதான் பழக்கம். பெயர் வேண்டாம் என்றார். எங்கள் ஆட்கள்தான். கொரோனாவுக்கு முன்பு நான்கு வெளிநாட்டவர் வீடுகளில் பெருக்கித் துடைத்துத் துணி துவைத்தவர். நான்கில் மூன்று வீடு ஒரே வாரத்தில் காலியானது. ஒருவர் மட்டும் தன் நாட்டில் இருந்தபடியே ஆறு மாதம் சம்பளம் அனுப்பினார். மற்ற இருவரும் அதன் பிறகு பேசவில்லை. 2020இல் நலவாரியங்களில் பதிவு செய்திருந்த அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு அரசு 1,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. வீட்டுப் பணியாளருக்கு என்று தனி வாரியம் 2007இலேயே வந்துவிட்டது. அக்காவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. "இருந்திருந்தா அரிசிக்காவது ஆயிருக்கும்ல" என்றார். 2021 மேயில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்ததுதான் தன் கைக்கு நேராக வந்து சேர்ந்த உதவி என்பார்.

ஒரு நாள் அவரிடம், "அக்கா, இங்கதான் இத்தனை வீடு காலியா கெடக்குதே. நீங்களும் ஒண்ணு பாக்கலாமே" என்றேன். சிரித்தார். "பெருக்கறதுக்கு உள்ள உடுவாங்கம்மா. படுக்கறதுக்கு உடுவாங்களா?"

2022 மார்ச் கடைசியில் வழக்கமான சர்வதேச விமானங்கள் மறுபடி பறந்தன. ஏறத்தாழ இரண்டு வருடம் நின்றிருந்த கிரிவலமும் அந்தக் கோடைக்குள் திரும்பிவிட்டது. அந்த ஆண்டு நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 64 லட்சத்தைத் தாண்டினார்கள். கஃபேக்கள் பெயிண்ட் அடித்தன. ஆட்டோ ஸ்டாண்டில் பழைய கலகலப்பு. "ஊரு பொழச்சிக்கிச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். ஆட்டோ ஓட்டுகிறவர்களில், கஃபேயில் பாத்திரம் கழுவுகிறவர்களில் எங்கள் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அக்டோபரில் வீட்டுக்காரர் வந்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. நவம்பர்ல பழைய பார்ட்டிங்க வராங்க. நாலு மாசத்துக்கு மொத்தமா குடுத்துடறாங்க. எனக்கும் கடன் இருக்குல்ல." ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்கு எழுதியது, எப்போதோ முடிந்திருந்தது. அட்வான்ஸை ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தார். சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய காரணம் பணம்தான் என்பதை நான் நம்புகிறேன்.

ஆனால் அடுத்த வீடு தேடப் போனபோது எனக்கு விஷயம் முழுதாகப் புரிந்தது. அதே தெருக்களில் ஏழு வீடு பார்த்தேன். ஏழு இடத்திலும் அந்த நான்கு கேள்விகள் திரும்பி வந்திருந்தன. "மேடம், ஓனர் கொஞ்சம் ஆச்சாரம்" என்றார் ஒரு புரோக்கர். அந்த ஆச்சாரமான ஓனரின் மாடி 2021 முழுக்கக் காலியாக இருந்தது எனக்குத் தெரியும். அப்போது நான் கேட்டிருந்தால் சாவியைக் கையில் கொடுத்திருப்பார்.

தோழர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். கொரோனா காலத்தில் இந்த ஊரில் சாதி குறைந்தது என்று சிலர் சொல்கிறார்கள். 'எல்லோரும் ஒன்றாகிவிட்டோம்' என்று எழுதியவர்களும் உண்டு. சாதி குறையவில்லை. அதைக் கடைப்பிடிக்க வசதி இல்லாமல் போயிருந்தது. வருமானம் இல்லாதபோது எங்கள் வாடகை வாடகையாகத் தெரிந்தது. வருமானம் வந்ததும் வேண்டுமா வேண்டாமா என்று பார்க்க முடிந்தது. பொருளாதாரம் வளர்ந்தால் சாதி தானாகத் தேயும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். எங்கள் ஊரின் வாடகைச் சந்தையில் நான் பார்த்தது நேர் எதிர். சந்தை படுத்தபோது கதவு திறந்தது. சந்தை எழுந்தபோது கதவு மூடியது.

இது திருவண்ணாமலையின் கதை மட்டுமில்லை. டெல்லியையும் சுற்றியுள்ள நகரங்களையும் வைத்து சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் செய்த வாடகை வீட்டு ஆய்வு 2015இல் வெளியானது. ஒரே மாதிரி வேலை, வருமானம் உள்ளவர்கள், பெயர் மட்டும் வேறு. மேல்சாதிப் பெயருக்குக் கிடைத்த வீடு தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் மறுக்கப்பட்டது, அல்லது கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனையோடு கிடைத்தது. படித்து வேலைக்குப் போய்விட்டால் நகரம் நம்மை ஏற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு அந்த ஆய்வு போதுமான பதில்.

எங்கள் மேல்வீட்டுப் பெண்ணும் 2022இல் கிளம்பினார். வியட்நாமில் தா நாங் என்ற கடற்கரை நகரத்துக்கு. வியட்நாம் அந்த ஆண்டு மார்ச் 15 அன்று சுற்றுலாவுக்குத் திறந்திருந்தது. கடல் பார்த்த அறை, குறைந்த வாடகை, "ஊர் உயிர்பெற்றுவிட்டது" என்று செய்தி அனுப்பினார். அந்த நாட்டின் பெரிய நகரமான ஹோ சி மின் நகரத்தைப் பற்றி அப்போது தேடிப் படித்தேன். 2021இல் மாதக்கணக்கில் கடுமையான ஊரடங்கு. வீட்டைவிட்டு வெளியே வராதபடி ராணுவத்தையே இறக்கினார்கள். அக்டோபர் தொடக்கத்தில் தளர்த்தியதும், ஆலைகளிலும் கட்டடங்களிலும் வேலை பார்த்த வெளியூர்த் தொழிலாளர்கள் குழந்தை குட்டிகளோடு மோட்டார் சைக்கிளில் நகரத்தை விட்டு வெளியேறினார்கள். நம் நெடுஞ்சாலைகளில் 2020இல் நடந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நகரம் உயிர்பெற்றது உண்மைதான். யாருக்கு என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது.

சிங்கப்பூரில் இருந்த என் சித்தி மகனுக்கு வருவோம். அங்கே தொழிலாளர் விடுதிகளில் சுமார் 3,23,000 பேர் இருந்தார்கள். 2020 டிசம்பரில் அரசே வெளியிட்ட கணக்குப்படி அவர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. நகரத்தில் மற்றவர்கள் உணவகத்துக்கும் கடைக்கும் போகத் தொடங்கிய பிறகும் விடுதிக்காரர்களுக்கு வேலைத்தளம், விடுதி, வேலைத்தளம் என்றுதான் வாழ்க்கை. பக்கத்துக் கடைக்குப் போக அனுமதிச் சீட்டு. "அக்கா, இங்கயும் ஊரு வேற, சேரி வேற" என்று போனில் சொன்னான். பதினெட்டு வயதுவரை எங்கள் காலனியில் வளர்ந்தவனுக்கு இதைக் கண்டுபிடிக்க ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை.

அம்பேத்கரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1913இல் இருந்து அமெரிக்காவிலும் பிறகு லண்டனிலும் படித்தவர். அங்கே தான் தீண்டத்தகாதவன் என்பதே மறந்துபோகும் அளவுக்கு வாழ்ந்ததாக எழுதியிருக்கிறார். 1917இல் பரோடாவில் அரசு வேலைக்கு வந்தபோது தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு வந்து வெளியே துரத்தினார்கள். இந்து நண்பரும் கிறிஸ்தவ நண்பரும்கூட வீட்டில் இடம் தரவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய் ரயில் ஏறினார். இதை எல்லாம் சொல்லும் அந்தச் சிறு நூலுக்கு 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று பெயர். சொந்த நாட்டில் குடியிருக்க விசா கேட்கிறார்கள் என்பதுதான் அந்தத் தலைப்பின் பொருள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் உண்மையான விசா வைத்திருப்பவருக்கு வீடு கிடைக்கிறது. ஆதார் வைத்திருப்பவர் காத்திருக்கிறார்.

2023 ஜனவரி 30 அன்று, இதே மாவட்டத்தில், தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்போடு நுழைந்தார்கள். மாவட்ட நிர்வாகம் கூடவே இருந்தது. பல தலைமுறை போட்டிருந்த தடை அன்று உடைந்தது. அதே தை மாதத்தில் கிரிவலப் பாதையில் சீசன் உச்சத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே மாவட்டத்தின் ஒரே மாதச் செய்தியாகப் படித்துப் பாருங்கள்.

சரி, என்ன செய்வது?

முதலில் சட்டம். வீடு கொடுப்பது அவரவர் விருப்பம், அதில் சட்டம் தலையிடாது என்று நம்மில் படித்தவர்களே நினைக்கிறோம். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காவது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீட்டை வாங்குவதையோ அதில் குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரில் தடுப்பது குற்றம் என்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை தீண்டாமைதான் காரணம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது பன்னிரண்டாவது பிரிவு. அதாவது, 'சாதின்னு நான் சொல்லவே இல்லையே' என்ற பதில் மட்டும் போதாது. இந்தப் பிரிவுகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்ற தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினோரு மாதத் தாளோடு விடாதீர்கள். கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, ஆதாரம். சமூகவியல், சமூகப்பணி படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை. தோரட் குழுவின் முறையை நம் ஊரில் செய்து பார்ப்போம். இரண்டு பேர், ஒரே வேலை, ஒரே சம்பளம். ஒருவர் தன் தெருவை உள்ளபடி சொல்வார். இன்னொருவர் வேறு தெருவைச் சொல்வார். ஒரே போர்டுக்கு அடுத்தடுத்து போன் செய்யுங்கள். தேதி, நேரம், கேட்ட கேள்வி, வந்த பதில், சொன்ன வாடகை, அனைத்தையும் எழுதுங்கள். சீசனுக்கு முன்பு ஒரு சுற்று, சீசனில் ஒரு சுற்று, சீசன் முடிந்த பிறகு ஒரு சுற்று. நான் சொல்வது சரியா தவறா என்று அந்த நோட்டே சொல்லிவிடும். வீட்டுக்காரர்களின் பெயரை வெளியிட வேண்டாம். எண்ணிக்கை போதும்.

மூன்றாவது, வேலைக்குப் போகும் பெண்களை நலவாரியத்தில் பதிவு செய்யும் வேலை. அந்த அக்காவைப் பதிவு செய்தாகிவிட்டது. அவரோடு இன்னும் பதினொரு பேர். அடுத்த முறை எது வந்து ஊரை மூடினாலும், குறைந்தபட்சம் பட்டியலில் பெயர் இருக்கும்.

நானும் அம்மாவும் இப்போது வேங்கிக்காலில், நம்மவர் ஒருவர் அரசு வேலைச் சம்பளத்தில் கட்டிய வீட்டின் மாடியில் இருக்கிறோம். நல்ல வீடு. ஆனால் நமக்கு நம்மவர்தான் வீடு தருவார்கள் என்றால், படிப்பும் வேலையும் சேர்ந்து நம்மைக் காலனியில் இருந்து எடுத்து இன்னொரு காலனியில்தான் வைத்திருக்கின்றன. இதை நல்ல செய்தி என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

வாடகை ஆய்வில் சேர விரும்புகிறவர்கள் இருவர் இருவராக வாருங்கள். முதல் சுற்று ஐப்பசியில்.